வாசல் தமயந்தி

குரு, சீடன் என்றதும் ஆலமரமும் தாடியும் நினைவுக்கு வந்தால் அவற்றைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். இங்கே குரு தமயந்தி. தாடிக்கு வழியில்லை. சீடர் இருதயராஜ் அவரைவிட ஆறு வயது மூத்தவர், தூத்துக்குடிக்காரர், முன்பு கடற்படையில் முக்குளித்தவர். இருவரும் பூமிக்கு மேலே சுற்றும் ஒரு விண்வெளி நிலையத்தில் இருந்தார்கள். நிலையம் இன்னும் கட்டி முடியவில்லை. ஒரு புது அறையைக் கொண்டுவந்து அதில் பொருத்துவதுதான் வந்த வேலை.

அறையின் விளிம்பைச் சுற்றிப் பதினாறு போல்ட். மோட்டார் அவற்றைத் தானே முடுக்கிவிடும். ஏதாவது ஒன்று பிடிக்காவிட்டால் இவர்கள் இருவரும் வெளியே போய்க் கையால் முடுக்க வேண்டும். வெளியே எப்படி நடமாடுவது என்று இருதயராஜுக்குச் சொல்லிக்கொடுத்தவர் தமயந்தி. நீச்சல் குளத்தின் அடியில், முழு உடுப்போடு, வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார்.

ஆனால் தமயந்தி வெளியே போனதே இல்லை. இது அவருக்கு மூன்றாவது பயணம். முன்பு இரண்டு தடவையும் உடுப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார். இரண்டு தடவையும் போல்ட் எல்லாம் ஒழுங்காகப் பிடித்துவிட்டது. பயிற்சிக் கூடத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் 'வாசல் தமயந்தி' என்பார்கள். இருதயராஜும் சொல்லிச் சிரித்தவர்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. அதே வாசலில் அவரும் மிதந்துகொண்டிருந்தார். இருதயராஜுக்கு இனி ஒரு பயணம் கிடையாது என்று டாக்டர்கள் வயதைக் காட்டிச் சொல்லிவிட்டார்கள். வெளியே நின்று நம்ம கடலைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார். மகளிடம் சொன்னார், மாமனாரிடம் சொன்னார், மீனுக்கு ஐஸ் அடிக்கிற கம்பெனிக்காரரிடம்கூடச் சொன்னார்.

வாசல் என்பது இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு சின்ன அறை. ஒரு கதவு நிலையத்துக்குள், இன்னொன்று வெளியே. இருதயராஜின் கை சும்மா இருக்கவில்லை. இடுப்புக் கொக்கியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். மூக்கு வேறு அரித்தது. தலைக்கவசத்துக்குள் இருக்கிற மூக்கை யார் சொறிவது?

"எப்ப மேடம் வெளிய போவோம்?"

"போல்ட் பிடிக்கலைன்னா."

"பிடிச்சிருச்சுன்னா?"

"சாப்பிடப் போலாங்க."

உள்ளே, கணினித் திரை முன்னால் இருந்த சக வீரர் ஒவ்வொரு போல்ட்டாக வாசிக்கத் தொடங்கினார். பிடித்துவிட்டால் "பச்சை" என்பார். ஒவ்வொரு பச்சைக்கும் இருதயராஜ் மிச்சமுள்ள போல்ட்டை எண்ணினார். பிடிக்காதே, பிடிக்காதே என்று மனசு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மாதாவிடம் வேண்டிக்கொள்ளப் போனார். இதற்குப் போயா என்று வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டார்.

பதினைந்து பச்சை வந்தது. பதினாறாவது வரவில்லை.

"பாதியில நிக்குது," என்றது குரல். "மோட்டார் திணறுது."

பூமியிலிருந்து உடனே பதில் வந்தது. வெளியே போக அனுமதி. கையால் முடுக்கிவிடலாம். தமயந்தி சரி என்றால் கதவைத் திறக்கலாம்.

இருதயராஜின் கை அதற்குள் கதவின் பிடிக்குப் போய்விட்டது. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. பிடியைத் தொட்ட பிறகுதான் அந்த ஞாபகம் வந்து தொலைத்தது.

கீழே பூமியில், குளிர் அறையில் வைத்துச் சோதித்த அன்று இதே போல்ட் இப்படித்தான் பாதியில் நின்றது. கொஞ்சம் சூடு காட்டியதும் வழுக்கிக்கொண்டு போய்ப் பிடித்தது. யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்த மூலை சோலார் தகட்டின் நிழலில் இருக்கிறது. குளிரோடு கையால் முடுக்கினால் பிடித்தாலும் பிடிக்கும். மரை போனாலும் போகும். மரை போனால் அறையில் காற்று நிற்காது, இத்தனை பேர் கட்டியது வீண்.

போனாலும் போகும், அவ்வளவுதானே என்றது மனசு.

"இருதயராஜ், போலாமா?" என்றார் தமயந்தி.

இருதயராஜின் கை பிடியிலேயே இருந்தது. பூமியிலிருந்து மறுபடி கேட்டார்கள். தமயந்தி இருதயராஜ் பக்கம் திரும்பினார்.

"உங்களைத்தாங்க கேட்கிறேன். போலாமா, வேண்டாமா?"

இருதயராஜுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முடிவு சொல்ல வேண்டியவர் இவர். போகலாம் என்று இவர் சொல்லியிருந்தால் பேசாமல் பின்னால் போயிருப்பேனே. என்னை எதற்குக் கேட்கிறார்?

"வேண்டாம் மேடம்." பிடியிலிருந்து கையை எடுத்தார். "அது குளுந்து போய்க் கெடக்கு. தகட்டத் திருப்பச் சொல்லுங்க. வெயில் படட்டும். பெறவு மோட்டாரப் போடட்டும்."

தகடு திரும்பியது. காத்திருந்தார்கள். இருதயராஜ் கொக்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். தான் சொன்னது தப்பாகப் போகக்கூடாதா என்று அப்போதும் ஆசை இருந்தது.

"பச்சை," என்றது குரல். உள்ளே யாரோ கை தட்டினார்கள்.

தலைக்கவசத்தைக் கழற்றியபோது இருதயராஜ் அழுதுகொண்டிருந்தார். அங்கே கண்ணீர் கீழே வழியாது, கண்ணிலேயே கட்டி நிற்கும். துணியால் ஒற்றி எடுத்தார்.

"மூணு தடவ மேடம். உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"இருக்குங்க."

"பெறவு எப்படி இம்புட்டு அமைதியா இருக்கீக?"

தமயந்தி கையுறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். முஷ்டியை இறுக்கிய இறுக்கில் கையுறையின் மடிப்பு பதிந்து சிவந்து கிடந்தது.

இருதயராஜ் அதையே பார்த்தார்.

"அது குளிர்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. அன்னைக்குக் குளிர் அறையில நானும் இருந்தேனே."

"தெரிஞ்சுக்கிட்டே கேட்டீகளா? என்னயச் சோதிச்சுப் பாத்தீகளா மேடம்?"

"இல்லைங்க," என்றார் தமயந்தி. "வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதான் உங்களைக் கேட்டேன்."