மூச்சுமுட்டி வளைவில் நின்ற கார்

ஒரு காட்டில் ஒரு கார் இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் யானை நடக்கலாம் என்றால், காட்டில் கார் ஓடக் கூடாதா?

அதை ஓட்டியவன் செவியன் என்கிற முயல். அவனுக்குக் காது நீளம், கேள்வி குட்டை. மலை ஏற மாட்டாத பிராணிகளை ஏற்றி இறக்குவது அவன் வேலை. கோடையில் கீழ்க்குளம் வற்றினால் ஆமைகளை மேலே இருக்கும் சுனைக்குக் கொண்டு சேர்ப்பதும் அவன்தான்.

கார் பழசு. ஆனாலும் தூங்குகிற பூனை மாதிரி 'குர்ர்ர்' என்று சொல்லிக்கொண்டே எந்த மேட்டையும் ஏறிவிடும்.

செவியனுக்கு ஒரே ஒரு மனக்குறை. கருமலை என்ற காட்டெருமை நட்டநடுப் பாதையில் படுத்து அசைபோடும். செவியன் ஹாரன் அடித்தால் ஒற்றைக் காதை மட்டும் ஆட்டும்.

"கொசுத் தொல்லை தாங்கலையே" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லும்.

செவியன் காரைப் புதருக்குள் இறக்கி, முள்ளில் கிழித்துக்கொண்டு, சுற்றிப் போவான். உள்ளே உட்கார்ந்த அணில்கள் வாயைப் பொத்திச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு முள்ளைவிட அதிகம் குத்தியது.

ஒரு நாள் மெக்கானிக்கிடம் போனான். மெக்கானிக் யார் தெரியுமா? செதிலாயி என்கிற எறும்புதின்னி. முதுகெல்லாம் செதில். பலகையும் வேண்டாம், பாயும் வேண்டாம். அந்த முதுகாலேயே சறுக்கிக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவாள்.

"அக்கா, என் கார் புலி மாதிரி உறுமணும்."

"புலிக்கே இப்பல்லாம் தொண்டை கட்டிக்கிட்டுக் கிடக்கு. உனக்கு எதுக்குடா உறுமல்?"

"கருமலை எந்திரிக்கணும். அவ்வளவுதான்."

செதிலாயியின் இரும்புக் குவியலில் ஒரு நேர்க்குழாய் கிடந்தது. உள்ளே தடுப்பு ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கத்து வானம் தெரியும். செவியன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"இதோ பாரு" என்றாள் செதிலாயி. "பழைய சைலன்சருக்குள்ளே சின்னச் சின்ன அறை இருக்கு. புகை அதுல சுத்திச் சுத்தி, சத்தத்தை உள்ளேயே விட்டுட்டு வெளியே வரும். இந்தக் குழாயைப் போட்டா ஒரே ஓட்டமா வெளியே ஓடிரும். சமதரையில வண்டி பறக்கும். ஆனா மேட்டுல மெதுவா இழுக்கிற பலம் போயிரும்."

"பறக்குமா?"

"முழுசாக் கேளு. மூச்சு வேகமா வெளியே போனா, உள்ளேயும் காத்து கூடுதலா வரும். அந்தக் காத்துக்கு ஏத்தபடி பெட்ரோலைக் கூட்டி வைக்கணும். இல்லாட்டி வண்டிக்கு வயிறு காயும். சாயங்காலம் கொண்டா. காது வச்சுக் கேட்டு, பெட்ரோல் திருகாணியை முறுக்கித் தர்றேன்."

'பறக்கும்' என்ற சொல்லுக்கு மேல் எதுவும் அந்த நீளக் காதில் ஏறவில்லை.

குழாயை மாட்டினாள். செவியன் சாவியைத் திருகினான்.

அம்மாடி! அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வேன்! இடி வானத்திலிருந்து இறங்கி வந்து காருக்கு அடியில் படுத்துக்கொண்டது போல இருந்தது. நெல்லிமரம் காயெல்லாம் உதிர்த்தது. செவியனின் நெஞ்செலும்பு அதிர்ந்தது. 'இது நான்தானா! இந்தக் காலுக்குக் கீழேதானா இது பிறக்கிறது!' என்று அவனுக்கு உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது.

பாதையில் கருமலை படுத்திருந்தது. செவியன் ஒரு மிதி மிதித்தான். அவ்வளவு பெரிய எருமை நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பி, வாலைத் தூக்கிக்கொண்டு காட்டை விட்டே ஓடியது.

அன்று பகல் முழுக்கச் செவியன் காட்டைச் சுற்றினான். சாயங்காலம் செதிலாயி காத்திருந்தாள். அவன் போகவில்லை.

மறுநாள் காலை குளத்தில் சேறுதான் மிச்சம். பதினோரு ஆமைகளை ஏற்றிக்கொண்டான். மூத்தவர் கெட்டியண்ணன்.

"வெயில் ஏறுமுன்னே கொண்டு விட்டிரு தம்பி. குட்டிங்களுக்கு இப்பவே தோல் வறண்டு போச்சு."

"நேத்து என் சத்தம் கேட்டீங்கல்ல? பறந்திருவோம் அண்ணே!"

சமதரையில் பறந்தார்கள். மலை தொடங்கியதும் வண்டி 'படார், படார்' என்று வெடித்தது. மலையின் செங்குத்தான இடத்துக்கு மூச்சுமுட்டி வளைவு என்று பெயர். அங்கே மெதுவாகத்தான் திரும்ப முடியும். மெதுவாகப் போனால் இழுவை இல்லை. புலி போல உறுமியது. நத்தை போல நகர்ந்தது. பிறகு நின்றே போனது. பிரேக்கை மிதித்தும் வண்டி பின்னாலே வழுக்கத் தொடங்கியது. பின்னால் பள்ளம்.

"சக்கரத்துக்குக் கல்லு வைங்க!" என்று அலறினான் செவியன்.

கெட்டியண்ணன் பதறவில்லை. "கல்லை எங்கே தேடுறது? நாமதான் இருக்கோமே" என்று கீழே விழுந்தார். கூடவே மூன்று ஆமைகள். சக்கரத்துக்குப் பின்னால் போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. ஓடு 'நறுக்' என்றது. கார் நின்றது.

செவியன் இறங்கி வந்து பார்த்தான். இத்தனை பெரிய வண்டி நாலு ஆமை முதுகில் நிற்கிறது.

"பார்த்துக்கிட்டு நிக்காதே. தள்ளுறதுக்கு யாரையாவது கூப்பிடு" என்றது ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"கருமலை மாமா!" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. "மான் அக்கா! பன்றி அண்ணே!" யாரும் இல்லை. காடு காலியாகக் கிடந்தது. அவன் சத்தம்தான் எல்லோரையும் விரட்டியிருந்தது.

வெயில் ஏறியது. ஆமைக்குட்டிகள் வாயைப் பிளந்தன. செவியன் தன் காதை விரித்து அவற்றுக்கு நிழல் பிடித்தான். முட்டிக்கொண்டு வந்தது அழுகை.

அப்போது கீழே 'டங், டங்' என்று இரும்பு கல்லில் மோதும் ஓசை. செதிலாயி! பழைய சைலன்சரை வாலில் சுற்றிக்கொண்டு மலையேறி வந்தாள்.

"வெடிக்கிற சத்தம் என் குழி வரைக்கும் கேட்டுச்சு. வயிறு காயுதுன்னு அப்பவே கிளம்பிட்டேன்."

"திட்டலையா அக்கா?"

"மேட்டுல நின்னுக்கிட்டுத் திட்டினா எனக்குத்தான் மூச்சு வாங்கும். நகரு."

சறுக்கி அடியில் போனாள். சூடாறட்டும் என்று பொறுத்து, நேர்க்குழாயைக் கழற்றிப் பழையதை மாட்டினாள். வண்டியைக் கிளப்பி, திருகில் நகத்தை வைத்தாள்.

"அந்தக் காதை இப்படி வை."

செவியன் பானெட்டில் காதை வைத்தான். செதிலாயி திருகை எள்ளளவு நகர்த்தினாள். தடுக்கித் தடுக்கி ஓடிய மூச்சு சீரானது. உள்ளே நெருப்பும் காற்றும் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து அடியெடுத்து வைப்பதை அவன் கேட்டான். இத்தனை வருஷம் இதன் மேல் உட்கார்ந்து ஓட்டியவன், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டான்.

'குர்ர்ர்.' சக்கரம் முன்னே உருண்டதும் அடியிலிருந்த நாலு ஆமைகளும் மறுபடி ஏறிக்கொள்ள, கார் மேட்டில் ஏறியது. ஆமைகள் சுனையில் விழுந்த 'தொப் தொப்' ஓசை அவனுக்கு இடியைவிடப் பெரிதாகக் கேட்டது. கெட்டியண்ணன் முதுகில் டயர் தடம் அச்சாகப் பதிந்திருந்தது.

நாலு நாள் கழித்துக் கருமலை திரும்பி வந்தது. பழையபடி பாதையிலே படுத்தது.

செவியன் காரை நிறுத்தினான். ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி, அந்தப் பெரிய மூக்குக்கு முன்னால் போய் நின்றான்.

"மாமா, உள்ளே நத்தைக் குடும்பம் இருக்கு. கொஞ்சம் வழி விடுறீங்களா?"

கருமலை இரண்டு கண்ணையும் திறந்தது.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்டா நீ வாயைத் திறந்து கேட்டிருக்கே, மாப்ளே."

அது எழுந்தது. தரை குலுங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சின்னச் சொல்லுக்கு எழுந்து ஒதுங்குவதை, செவியன் காரில் ஏற மறந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

நீதி: அதட்டும் சத்தம் ஆளைத்தான் விரட்டும், அடக்கிய மூச்சே மேட்டை ஏற்றும்.