புஷ்பலதா சம்மதித்த கல்யாணம்

வாயில் காபி இருந்தால் முதலில் விழுங்கிவிடுங்கள். அப்புறம் புரையேறிவிட்டது என்று என்னைத் திட்டக்கூடாது.

நெடுங்குழி கடைத்தெருவில் இலவம்பஞ்சு மெத்தை தைக்கிற அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் அழகேசன், நடுவிலவன் வடமலை, கடைக்குட்டி கோதண்டம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்ததாகவும், அதைப் பத்திரமாக வைக்கிறோம் என்று ஏதோ மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டதாகவும் ஊரில் பேச்சு. நல்ல பிள்ளைகள், பாவம். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். சங்கடமே அதுதான்.

அழகேசனுக்கு வயசு முப்பத்தேழு. பதினோரு இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. எல்லா இடத்திலும் பஜ்ஜி நன்றாக இருந்தது, பதில்தான் வரவில்லை. பன்னிரண்டாவதாகப் பார்த்தது திலகவதியை. மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவள் காபித் தம்ளரை நீட்டிய நிமிஷமே அழகேசன் கவிழ்ந்துவிட்டான். கட்டினால் இவளைத்தான், இல்லையென்றால் மெத்தையோடேயே காலம் தள்ளிவிடுகிறேன் என்று தம்பிகளிடம் சொல்லிக் கண் கலங்கினான்.

திலகவதி கறாராக ஒரு கண்டிஷன் போட்டாள்.

"எங்கிட்ட புஷ்பலதான்னு ஒரு பூனை இருக்கு. நான் எங்க போனாலும் அதுவும் வரும். ஒரு வாரம் உங்க வீட்ல விட்டுட்டுப் போறேன். புஷ்பலதாவுக்குப் பிடிச்சாத்தான் இந்தக் கல்யாணம். இல்லேன்னா வேற இடம் பாத்துக்குங்க."

பூனையைக் கூடையில் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு அதன் மனசைப் பற்றியும் எடுத்துச் சொன்னாள். மூன்று பேரும் கைகட்டிக் கேட்டார்கள்.

"பூனையை அதட்டிப் பழக்க முடியாது. அதோட போக்கிலேயே போகணும். தப்பு பண்ணினா கண்டுக்கக் கூடாது. கண்ணை மெதுவா மூடித் திறந்தா 'உன்னை நம்புறேன்'னு அர்த்தம், நீங்களும் அதே மாதிரி செய்யலாம். அப்புறம், புது இடம் பாருங்க, எங்கேயாவது ஒளிஞ்சுக்கும். தேடாதீங்க. தானா வரும்."

அவள் தெருமுனை திரும்பவில்லை, புஷ்பலதா கூடையை விட்டு இறங்கி, பஞ்சு மூட்டை மேல் ஏறி, அங்கிருந்து மதில் மேல் தாவி, ஒய்யாரமாக நடக்க ஆரம்பித்தது.

"அண்ணே, அதோட போக்கு மதில் மேலதானே இருக்கு?" என்றான் வடமலை.

"அதோட போக்கிலேயே போகணும்னு சொன்னாங்களே. மதில் வந்தா இறங்கிக்கலாம்னு சொன்னாங்களா?"

சொல்லவில்லைதான். ஆகவே மூன்று பேரும் மதில் மேல் ஏறி, வேட்டியை மடித்துக் கட்டி, வரிசையாக நாலு காலில் போனார்கள். புஷ்பலதா அடுத்த வீட்டுப் பக்கம் குதித்தது. கோதண்டமும் குதித்தான். குதித்த இடத்தில் ஊறவைத்த துணியோடு ஒரு அண்டா இருந்தது.

"என்னடா இது கோலம்?" என்று கத்தினார் அடுத்த வீட்டுக்காரர்.

"அண்ணனுக்குக் கல்யாணம் மாமா" என்றான் கோதண்டம், அண்டாவுக்குள் உட்கார்ந்தபடியே.

மறுநாள் சங்கரா மீன் குழம்பு. சட்டியை இறக்கி வைத்ததுதான் தாமதம், புஷ்பலதா அதற்குள் வாயை வைத்தது.

"டேய், தப்பு பண்ணுது! கண்டுக்கக் கூடாது, கண்ணைக் கட்டுங்கடா!" என்று அலறினான் அழகேசன். மெத்தைத் துணியைக் கிழித்து மூன்று பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். சட்டிப் பக்கமிருந்து சப் சப் என்று சத்தம். அப்புறம் சத்தமில்லை.

"முடிச்சிடுச்சா?"

"பாத்தாத்தானே தெரியும்."

"பாக்கக் கூடாதே."

"அதையே கேட்டுடலாம்" என்றான் வடமலை. "அம்மா புஷ்பலதா, தப்பு பண்ணி முடிச்சாச்சா?"

"மியாவ்."

"ஆச்சாம்."

"இல்லடா, 'இன்னும் இல்லை'ன்னு சொல்லுது. 'ஆச்சு'ன்னா இவ்வளவு இழுக்காது."

இந்த வழக்கு தீராததால் சாயங்காலம் வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. அப்படியே தடவித் தடவி ஒரு மெத்தையையும் தைத்து முடித்தார்கள். அதோடு வடமலையின் வேட்டியும் சேர்ந்து தைபட்டிருந்தது. மெத்தையை எடுத்துப்போக வந்தவர் வடமலையையும் சேர்த்தே அரைத்தெரு தூரம் இழுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் புஷ்பலதா வயிறு முட்டத் தின்றுவிட்டு அழகேசனைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "நம்புதுடா! என்னை நம்புது!" என்று குதித்தான். இப்பேர்ப்பட்ட சுலபமான பாஷையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் எப்படி என்று வடமலை அதை எதிர்வீட்டு ஏட்டய்யா சம்சாரத்திடம் பேசிப் பார்த்தான். மெதுவாக மூடினான், மெதுவாகத் திறந்தான். திறக்கும்போது எதிரே ஏட்டய்யா நின்றார். அரை நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து, "என்னடா கண்ணடிக்கிற?" என்று உருட்டினார்கள். வடமலை ஒவ்வொருத்தரையும் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்து, "உங்களையும் நம்புறேன் சார்" என்றான். பயந்துபோய் அனுப்பிவிட்டார்கள்.

நாலாம் நாள் பூனைக்குள்ளிருந்து கொர் கொர் என்று சத்தம் வந்தது. ஏதோ மோட்டார் ஓடுகிறது என்று கோதண்டம் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தான். திரும்பி வந்து காது வைத்துக் கேட்டான். "அண்ணே, கரண்ட் இல்லாமலேயே ஓடுது. நல்ல கம்பெனி பூனைபோல."

ஒரு வாரம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் புஷ்பலதாவைக் காணவில்லை. பத்து மணிக்கு திலகவதி வந்துவிடுவாள். தேடலாமா என்றால் தேடக்கூடாது. பூனை இருக்கக்கூடிய இடம் தப்பித்தவறிக் கண்ணில் பட்டால்கூட அது தேடின மாதிரி ஆகிவிடும் என்று மூன்று பேரும் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அப்போது, அன்று விடிந்ததும் தைத்து மூலையில் சாய்த்திருந்த மெத்தை, "மியாவ்" என்றது.

"அண்ணே, மெத்தை கத்துது."

"பேசாம இரு. எனக்கு இருக்கிற கவலையில மெத்தைக்கு என்ன கேடுன்னு வேற பாக்கணுமா?"

திலகவதி உள்ளே வந்தாள். "புஷ்பலதா எங்க?"

"தேடலைங்க. சத்தியமா தேடலை" என்றான் அழகேசன்.

மெத்தை மறுபடி கத்தியது. திலகவதி கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தைப் பிரித்தாள். உள்ளேயிருந்து உடம்பெல்லாம் பஞ்சோடு புஷ்பலதா வெளியே வந்து சோம்பல் முறித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று அழகேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பூனை திலகவதியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் போய் அழகேசன் மடியில் ஏறிச் சுருண்டு படுத்தது. மீன் சட்டியைத் தடுக்காத, தூக்கிக் கொஞ்சாத, போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருகிற மூன்று ஆட்களை எந்தப் பூனைக்குத்தான் பிடிக்காது?

திலகவதி இடுப்பில் கைவைத்தாள். "மூணு வருஷமா வளக்கிறேன், எம் மடியில ஒரு நாள் படுத்ததில்லை! சரி, புஷ்பலதா சம்மதம் சொல்லிட்டா. அது இங்கேயே இருக்கட்டும், பத்திரிகை அடிச்சிடுங்க."

அழகேசன் சந்தோஷத்தில் விழுந்து கிடந்ததால் தம்பிகள் அச்சாபீசுக்குப் போனார்கள். "பொண்ணு பேரு?" என்று கேட்டார் அச்சாபீஸ்காரர்.

"திலகவதி" என்றான் கோதண்டம்.

"அவசரப்படாதடா" என்றான் வடமலை. "சம்மதம் சொன்னது யாரு?"

"புஷ்பலதா."

"சம்மதம் சொன்ன பொண்ணு பேரைப் போடாம வேற யார் பேரைப் போடுறது?"

ஐநூறு பத்திரிகை, மஞ்சள் தடவி ஊர் பூரா கொடுத்தாகிவிட்டது. அழகேசனுக்கும் செல்வி புஷ்பலதாவுக்கும் திருமணம். இரண்டாம் நாள் திலகவதி போனில் கத்தினாள்.

"பேரு தப்பா இருக்கு! இன்னிக்கே பேரை மாத்துங்க. இல்லேன்னா கல்யாணமே கிடையாது!"

அழகேசன் போனை வைத்துவிட்டுத் தம்பிகளிடம் ஓடினான். "ஐநூறு வீடுடா! இன்னிக்குள்ள எப்படிடா மாத்துறது?"

வடமலை விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "ஐநூறு இடத்துல மாத்துறது லேசா, ஒரு இடத்துல மாத்துறது லேசா? அண்ணிக்குப் புஷ்பலதான்னு வச்சிட்டா பத்திரிகை சரியாயிடும். பூனைக்குத் திலகவதின்னு வச்சிட்டா ரெண்டு புஷ்பலதாங்கிற குழப்பமும் வராது."

உடனே பூனையை மடியில் போட்டு, காதில் மூன்று முறை "திலகவதி" என்று சொன்னார்கள். அது திரும்பக்கூட இல்லை, காலை நக்கிக்கொண்டிருந்தது. அடுத்து ஒரு கிண்ணத்தில் பாலை எடுத்துக்கொண்டு திலகவதி வீட்டுக்கு ஓடினார்கள். அவள் கோபமாக எழுந்து வந்தாள். அழகேசன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் காதுகிட்டே குனிந்து, "புஷ்பலதா" என்றான்.

"என்ன?" என்று திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அண்ணே, ஒரே தடவையில பழகிட்டாங்க!" என்று துள்ளினான் கோதண்டம். அழகேசன் சட்டென்று பால் கிண்ணத்தைத் தரையில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு திலகவதி சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வழிய, "இந்த மாதிரி ஆளை வெளியில விட்டா ஊரே தாங்காது, நானே கட்டிக்கிறேன்" என்று சொல்லி, கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

வடமலை அண்ணனைத் தனியாக ஓரத்துக்கு இழுத்துப் போனான். "பாலும் குடிக்கிறாங்க. கல்யாணம் முடிஞ்சதும் எலி பிடிக்க மட்டும் பழக்கிட்டாப் போதும்ணே."