அடையை விட்டு எழும்பாத கோழி

ஒரு ஊர்ல சடச்சின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்குன்னு இருந்ததெல்லாம் ஒரு கருப்புக் கோழியும் ஒரு மகனும்தான். மகன் பேரு மாசானம். கப்பல் வேலைக்குப் போறேன்னு போனவன், நாலு வருஷமா ஒரு கடுதாசி இல்ல. அவ தினமும் சாயங்காலம் சோறு வடிச்சு ரெண்டு தட்டு வைப்பா, ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு அவனுக்கு. மறுநாள் காலையில அவன் சோத்துல தண்ணி ஊத்தி அவளே குடிப்பா. கேக்குறியா? ம் சொல்லு. இல்லன்னா நான் சுவத்துக்கிட்டதான் பேசணும்.

ம்.

அப்புறம் கோழி அடைக்கு வந்துச்சு. சடச்சி கூடையில வைக்கோலப் போட்டு பன்னெண்டு முட்டை வச்சா. இடி இடிச்சா முட்டை கெட்டுப்போகும்னு, நடுவுல ஒரு இரும்புத் துண்டு போடுறது அந்த ஊர் வழக்கம். இரும்ப எடுக்க உள்ள போனா, அப்போ பாத்து வெளிய சைக்கிள் மணி, கிணிங் கிணிங். தபால்காரர்னு போட்டது போட்டபடி ஓடினா. கடுதாசி அடுத்த வீட்டுக்கு. அழுதுக்கிட்டே திரும்பி வந்தவ இரும்ப மறந்தே போயிட்டா. அன்னிக்கு சாயங்காலமே இடி, டமார் டமார்னு.

இருபத்தோரு நாள் ஆச்சு, கீச்சுன்னு ஒரு சத்தம் இல்ல. முப்பது நாளும் ஆச்சு. ஒரு முட்டைய எடுத்து காதுகிட்ட ஆட்டினா, களக் களக்னுச்சு. அத்தனையும் கூமுட்டை. கோழிக்கு அது எங்க தெரியும்? தீனி எடுக்காம எலும்பும் இறகுமா உக்காந்திருந்துச்சு.

அடுத்த வீட்டுப் பேராச்சி வந்து பாத்துட்டு, அடையக் கலைக்கலன்னா இது செத்துப்போகும் மதினின்னா.

அப்போ சடச்சி கோழியத் தூக்கி தண்ணித் தொட்டியில முக்கினா, தொபுக். படபடன்னு உதறிட்டு நேரா கூடைக்குப் போயிருச்சு. அப்புறம் மூக்குல ஒரு இறகக் குறுக்கச் சொருகி விட்டா. அதோடவே போய் உக்காந்துச்சு. ம் சொல்லு.

ம்.

மூணாவதா முட்டை பூராத்தையும் குழியில கொட்டி மூடி, கூடையையும் அடுப்புல வச்சு எரிச்சுட்டா. கோழி வந்துச்சு, சுத்திச் சுத்திப் பாத்துச்சு. கூடை இருந்த வெறுந்தரையில றெக்கைய விரிச்சு உக்காந்திருச்சு.

"மதினி, அங்க என்ன இருக்குன்னு இது உக்காந்திருக்கு?"ன்னா பேராச்சி.

சடச்சி வைக்கிற ரெண்டாவது தட்டப் பாத்தும் ஊர் அதத்தான கேட்டுச்சு? சொந்தக்காரங்க பிடிவாதம்னாங்க. பூசாரி தலையெழுத்துன்னாரு. அவ மட்டும் வைராக்கியம்னு சொல்லிக்கிட்டா. தரையில கிடக்குற கோழிக்கு இதுல எந்தப் பேர வைக்கிறதுன்னு அவளுக்குத் தெரியல. மகன் வரமாட்டான்னு அன்னிக்குத்தான் முதமுதலா நெனச்சா.

மறுநாள் காலையில கோழி விரிச்ச றெக்கையோடவே செத்துக் கிடந்துச்சு. சடச்சி அது மூக்குல இருந்த இறக மெதுவா உருவினா.

"நான் இரும்ப மறக்காம இருந்திருந்தா நீ எந்திரிச்சிருப்ப"ன்னா.

அன்னிக்கும் சோறு வடிச்சா. ஒரு தட்டு போதும்னு ஒண்ணத்தான் எடுத்தா. ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு நின்னா. அப்புறம் இன்னொண்ணையும் எடுத்துக் கழுவி வச்சா, அவன் வரமாட்டான்னு தெரிஞ்சேதான்.

வந்தானா?

வரல கண்ணு. சோறு ஆறிப்போச்சு, கதையும் ஆறிப்போச்சு. போர்வைய இழுத்துக்கோ, தூங்கு.