மூக்காயியின் முதுகுத் தூளி

மலையடிவாரக் காட்டில் மூக்காயி என்ற கரடி தன் குட்டியோடு வாழ்ந்து வந்தாள். கரடிக்குட்டிகள் தாயின் முதுகு ரோமத்தை இறுகப் பற்றிக்கொண்டுதான் ஊர் சுற்றும். ஆனால் மூக்காயியின் குட்டிக்கு முன்கால்களில் பிடி இல்லை. முதுகில் ஏற்றி வைத்தால் நாலு எட்டு போவதற்குள் பொத்தென்று விழுந்துவிடும்.

அந்தக் கோடையில் ஓடை வற்றிப்போனது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மடுவில் தண்ணீர் இருப்பதாகப் பேச்சு. எல்லா மிருகங்களும் கிளம்பின. வழியிலோ செந்நாய்க் கூட்டம். குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போனால் செந்நாயை எதை வைத்துக் கடிப்பது? மூக்காயி தவித்துப்போனாள்.

தன் குட்டியை வயிற்றில் தொங்கவிட்டிருந்த மந்தி கிளையிலிருந்து புத்தி சொன்னது. "இதை விட்டுட்டு வா மூக்காயி. உசிரோட இருந்தா இன்னொண்ணு பெத்துக்கலாம்."

"செத்தாலும் இதோடதான் சாவேன்," என்றாள் மூக்காயி. தாய் என்றால் அவளல்லவா தாய்!

ஈச்சமரத்திலிருந்து இதைக் கேட்ட தூக்கணாங்குருவி தங்கனுக்கு மனம் இளகியது. நெய்வதில் அந்தக் காட்டில் அவனை மிஞ்ச ஆளில்லை. அது அவனுக்கும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். பச்சை ஓலையை நார்நாராகக் கிழித்து, பொழுது சாய்வதற்குள் ஒரு தூளி நெய்து, மூக்காயியின் தோளிலும் மார்பிலும் சுற்றி முடிச்சுப் போட்டான். குட்டியை உள்ளே வைத்ததும் மூக்காயி எழுந்து நடந்தாள். குட்டி அடிவழியே நழுவித் தரையில் விழுந்து வீறிட்டது.

தூளியின் அடியில் வட்டமாக ஓர் ஓட்டை! மந்தி விழுந்து விழுந்து சிரித்தது.

"ஓட்டை இல்ல, வாசல்," என்றான் தங்கன் ரோஷத்தோடு. "எங்க கூட்டுக்கு வாசல் கீழேதான். அப்பதான் பாம்பு நுழையாது."

தூக்கணாங்குருவிகளில் ஆண் கூடு நெய்யும்; பெண் சோதித்துப் பார்த்துத்தான் குடிபுகும். தங்கனின் மனைவி பவளி பறந்து வந்து நாரை அலகால் இழுத்துப் பார்த்தாள்.

"நெசவு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது குருவிக்குக் கட்டின வீடு. கரடிக்குட்டிக்கு றெக்கை இருக்கா?"

தங்கன் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. மொத்தத்தையும் பிரித்துப் போட்டான். குட்டியின் அருகே உட்கார்ந்து, அது எப்படிப் படுக்கிறது, காலை எங்கே மடக்குகிறது என்று பார்த்தான். பிறகு அடிப்பக்கம் அகலமாகவும் வாய் மேலேயும் வைத்து, கால் நீட்ட இடம் விட்டு நெய்தான். பவளி அதில் தொங்கி ஆடிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். கட்டியதைத் தானே பிரிக்கும் அந்த மனசு எத்தனை கைதேர்ந்தவர்களுக்கு வரும்?

மறுநாள் மலைச்சரிவில் செந்நாய்கள் சூழ்ந்தன. மூக்காயி பின்கால்களில் எழுந்து நின்றாள். கடிக்க வாய் இருந்தது, அடிக்கக் கை இருந்தது. அவள் உறுமி அறைந்த அறையில் முன்னால் வந்த நாய் உருண்டது; மற்றவை ஓட்டம் பிடித்தன. முதுகில் குட்டி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

மடுக்கரையில் மந்தி தலையைச் சொறிந்துகொண்டு, கூடவே பறந்து வந்திருந்த தங்கனிடம் வந்தது. வழியெல்லாம் தொங்கியதில் தன் குட்டிக்கும் கை ஓய்ந்துவிட்டதாம். ஒரு தூளி கிடைக்குமா என்று கேட்டது.

தங்கன் ஓலை தேடிப் பறக்கவில்லை. "முதல்ல குட்டிய இறக்கு, பாக்கணும்," என்றான்.

உதவ நினைப்பவர் தம் வழக்கப்படி செய்யாமல், உதவி பெறுபவரின் தேவையைப் பார்த்துச் செய்ய வேண்டும்.