இருவாச்சி அடைத்த வாசல்

ஒரு காட்டில், மலைச்சரிவில், பொன்னலகி என்னும் இருவாச்சிப் பறவை இருந்தாள். எதையும் ஆற அமர யோசித்துச் செய்பவள். அவள் கணவன் நெடுஞ்சிறகன் நல்லவன்தான். ஆனால் எதிலும் அவசரம்.

முட்டையிடும் காலம் நெருங்கியது. முட்டைகளைப் பத்திரமாக வைக்க ஒரு பொந்து வேண்டும். நெடுஞ்சிறகன் முதல் நாளே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். பூத்துக் குலுங்கும் மரம், அகலமான வாசல். இரண்டு பேரும் தாராளமாகப் போய்வரலாம் என்றான்.

"நாம் தாராளமாகப் போய்வந்தால் மற்றவர்களும் வருவார்களே" என்றாள் பொன்னலகி.

அடுத்த பொந்து ஒரு பட்ட மரத்தில் இருந்தது. அலகால் தட்டிப் பார்த்தாள். பொத்தென்று சத்தம் வந்தது. உள்ளே உளுத்திருந்தது, பலமாகக் காற்றடித்தால் மரமே சாய்ந்துவிடும். இப்படி ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டித் தள்ளியவள், பல நாள் அலைந்து கடைசியில் ஓர் உயர்ந்த பச்சை மரத்தில் ஒடுக்கமான பொந்து ஒன்றைப் பார்த்தாள். தட்டினால் பாறையைத் தட்டியதுபோல் இருந்தது. அதையே வைத்துக்கொண்டாள்.

அவள் உள்ளே போய் அமர்ந்தாள். நெடுஞ்சிறகன் ஈரமண் கொண்டுவந்து கொடுக்க, அதைப் பழச்சக்கையோடு குழைத்து உள்ளிருந்தபடியே வாசலை அடைத்தாள். ஒரே ஓர் இடுக்கு மட்டும் விட்டாள். அவனுடைய அலகின் நுனி நுழையும் அளவுதான். அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை. மண் காய்ந்து கல்லாக இறுகியது.

இரண்டு வெள்ளை முட்டைகள் இட்டாள். இருவாச்சிகளின் வழக்கப்படி அவளுடைய இறகுகள் உதிர்ந்தன. புது இறகு முளைக்கும்வரை பறக்க முடியாது. கணவன் கொண்டுவரும் பழம்தான் சாப்பாடு.

இதையெல்லாம் கூர்நகன் என்ற உடும்பு கீழேயிருந்து கவனித்துக்கொண்டிருந்தான். முட்டை என்றால் அவனுக்கு உயிர். நெடுஞ்சிறகன் இல்லாத சமயம் பார்த்து மரமேறி அந்தச் சுவரைப் பிராண்டினான். நகம்தான் மழுங்கியது. பலத்தால் ஆகாது என்று தெரிந்ததும் இறங்கிப்போய்க் காத்திருந்தான்.

ஒருநாள் பெருமழை பிடித்துக்கொண்டது. மலைக்கு அந்தப் பக்கம் பழம் பறிக்கப் போன நெடுஞ்சிறகன் திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. பசியில் பொன்னலகிக்குக் கண் இருட்டியது. அதைவிட, அவனுக்கு என்ன ஆயிற்றோ என்ற நினைப்புதான் அவளை அரித்தது.

மூன்றாம் நாள் காலை, வெளியே பழுத்த அத்திப்பழ வாசனை. எட்டி இடுக்கில் கண்ணை வைத்தாள். நின்றது உடும்பு. அவன் வாயருகே, கிளைமேல் கொண்டுவந்து வைத்த ஒரு பெரிய அத்திப்பழம்.

கூர்நகன் குழைந்து பேசினான். நெடுஞ்சிறகன் சிறகில் அடிபட்டு மலைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறான். மனைவி பட்டினி கிடப்பாளே என்று அழுது இந்தப் பழத்தைக் கொடுத்தனுப்பினான் என்று கதை கட்டினான்.

"பழம் இந்த இடுக்கில் நுழையவில்லை தங்கச்சி. நீ உள்ளிருந்து கொஞ்சம் மண்ணை உதிர்த்துவிடு, போதும்" என்றான்.

கொஞ்சம்தானே? பொன்னலகியின் அலகு சுவர்வரை போய்விட்டது. அவன் சொன்னது நிஜமாக இருந்தால்? வயிற்றுக்குக் கீழே இரண்டு முட்டைகளும் வெதுவெதுப்பாக இருந்தன. அலகைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அண்ணா, என் வீட்டுக்காரருக்கு இந்த இடுக்கின் அளவு தெரியும். அவர் அனுப்பியிருந்தால், இதில் நுழைகிற பழமாகப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்" என்றாள்.

கூர்நகன் கெஞ்சினான், பிறகு மிரட்டினான். உன் பிடிவாதத்தால் முட்டைகளோடு நீயும் சாகப்போகிறாய் என்று சபித்தான். அவள் முட்டைகளை அணைத்தபடி இடுக்குக்கு முதுகைக் காட்டி அமர்ந்துகொண்டாள். வெயில் ஏறும்வரை பிராண்டிப் பார்த்துவிட்டு, பழத்தைத் தானே தின்றுவிட்டு இறங்கிப்போனான். அவன் தின்னும் சத்தம்கூட அவள் காதில் விழுந்தது.

மறுநாள் உச்சிவேளையில் இடுக்கு வழியாக ஒரு மஞ்சள் அலகு நுழைந்தது. நுனியில் சின்னஞ்சிறு அத்திப்பழம்.

மழை விடாததால் பாறை இடுக்கில் ஒதுங்கிவிட்டதாக நெடுஞ்சிறகன் சொன்னான். அடியேதும் படவில்லை. நடந்ததை அவள் சொல்லக் கேட்டு, சுவரெங்கும் பதிந்திருந்த நகக்கீறல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறித் திறந்துவிடுவாயோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தேன்" என்றான்.

"திறக்கத்தான் நினைத்தேன். இன்னும் இரண்டு பழம் கொடுங்கள்" என்றாள் பொன்னலகி.

அன்று பொழுது சாயும்வரை அவன் பறந்து பறந்து பழம் கொண்டுவந்தான். சில வாரங்களில் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் வளர்ந்து, அவளுக்கும் புது இறகு முளைத்தபோது, பொன்னலகி அந்தச் சுவரைத் தன் அலகாலேயே இடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நீதி: அரிய பொருளுக்கு உறுதியான பெட்டகத்தைத் தேடி எடுத்தால் மட்டும் போதாது, யார் உருகிக் கேட்டாலும் அதைத் திறக்காத உறுதியும் வேண்டும்.