கதவு நிறுத்தி வைத்த வசவுகள்

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பிக்கலாம்தான். ஆனால் இது போன வெயில் காலத்தில் நடந்த சங்கதி. திருப்பூரில் ஒரு வீட்டின் கூடத்தில், ஒரே கூண்டுக்குள் இரண்டு கினிப்பன்றிகள் இருந்தன. பேரில்தான் பன்றி. பார்த்தால் முயல் குட்டி அளவில், வாலில்லாமல், காது மடிந்து, பரம சாதுவாக இருக்கும். பெரியவள் பொம்மி, கறுப்பும் வெள்ளையும் கலந்தவள், வாய் நீளம். சின்னவள் சிட்டு, தவிட்டு நிறம். அவளுக்கு வாய் இருப்பதே தின்பதற்கு மட்டும்தான்.

பொம்மிக்குப் பேச்சென்றால் அதட்டல். தொண்டைக்குள் "குர்ர்ர்" என்று உறுமிக்கொண்டு, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டியபடி வருவாள்.

"அக்கட்டால போடி! இது என் இடம்."

சிட்டு அந்தப் பக்கமாகத் தள்ளி உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் பொம்மி அங்கேயும் வந்து நிற்பாள்.

"அக்கட்டால போடி! இதுவும் என் இடம்."

சிட்டு பழைய இடத்துக்கே திரும்புவாள். அப்புறம் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு தூங்கிப்போவார்கள். இதில் சிட்டுவுக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. சொல்லப்போனால் அவளுக்குப் பொழுது நகர்ந்ததே இந்த அதட்டலில்தான். எங்கே படுப்பது, எதற்குப் பயப்படுவது, எப்போது தின்பது, எல்லாம் பொம்மி சொல்ல வேண்டும். பொம்மி வெள்ளரிக்காயை முதலில் ஒரு வாய் கடித்துவிட்டு, "ம், தின்னு. வாயைப் பார்த்துட்டு நிக்காதே" என்ற பிறகுதான் இவள் பல் அசையும்.

இதைத்தான் வீட்டுக்காரி நிர்மலாவால் தாங்க முடியவில்லை. கூட்டுக் குடும்பத்தில் சின்ன மருமகளாக வாழ்க்கைப்பட்டவள் அவள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சாப்பிட்டவள். மூத்த மருமகளிடம் வாங்காத பேச்சில்லை. தனிக்குடித்தனம் வந்த அன்றைக்கே, என் வீட்டில் சின்னவள் என்பதற்காக யாரும் கடைசியில் சாப்பிடக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். நல்ல முடிவு. யார் குறை சொல்ல முடியும்?

அதனால் வெள்ளரிக்காயை அவள் முதலில் சிட்டுவுக்குத்தான் வைப்பாள். சிட்டு அதைத் தொடாமல் பொம்மியைப் பார்ப்பாள். பொம்மிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யாருடி உன்னை முந்திக்கச் சொன்னது?"

துரத்துவாள். கூண்டு முழுக்கக் காய்ந்த புல் பறக்கும்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க! அந்தப் பிள்ளையை இந்தப் பொம்மி என்ன பாடு படுத்துதுன்னு!"

நிர்மலாவின் கணவன் கதிரேசன் வந்து எட்டிப் பார்த்தான். "விடு நிர்மலா, அதுக என்னமோ பேசிக்குதுக."

"பேசறதா இது? உங்களுக்கு என்ன தெரியும்? திட்டு வாங்கினவளுக்குத்தான் தெரியும்."

அவனே கடைக்குப் போனான். புதுக் கூண்டு வந்தது. சிட்டு உள்ளறைக்குப் போனாள். நடுவில் இருந்த கதவைச் சாத்திவிட்டார்கள்.

அந்தக் கதவு நல்ல மனசுக்காரக் கதவு. ரொம்ப நல்ல மனசு, வினையே அதுதான். சாத்தியவுடன் அது தனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. "நல்ல வார்த்தை வந்தால் அந்தப் பக்கம் விடுவேன். வசவு வந்தால் என்னோடு நிற்கட்டும். இந்தக் குழந்தை இனியாவது நிம்மதியாக இருக்கட்டும்."

கூடத்தில் பொம்மி இங்கும் அங்கும் நடந்தாள். இரண்டு இடமும் அவளுடையதாக இருந்தது. அதட்டுவதற்குத்தான் ஆளில்லை. கதவைப் பார்த்துக் கத்தினாள்.

"எங்கே போய்த் தொலைஞ்சா அந்த மூதேவி?"

கதவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதைப் போய்ச் சொல்வேனா?" என்று நிறுத்திக்கொண்டது.

பொம்மி விடவில்லை. "ஏ கழுதை! தின்னியா இல்லையாடி? வயிறு காயக் கிடந்தே, வந்து கடிச்சு வச்சிடுவேன்!"

"சேச்சே, என்ன வாய் இது!" என்றது கதவு. அதையும் நிறுத்திக்கொண்டது.

"செத்தாளா இருக்காளா? ஒரு சத்தத்தையும் காணோமே!"

கதவு காதைப் பொத்திக்கொண்டது.

உள்ளறையில் சிட்டு மெல்லக் கேட்டாள். "கதவண்ணா, பொம்மியக்கா ஏதாச்சும் சொல்லுச்சா?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. நீ நிம்மதியா இரு."

"என்னைத் திட்டக்கூட இல்லையா?"

"உன் பேச்சையே எடுக்கலை" என்றது கதவு. ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி அதற்கு ஒரு திருப்தி.

சிட்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முன்னால் வெள்ளரிக்காய் இருந்தது. முழுசாக, அவளுக்கே அவளுக்காக. தின்னு என்று சொல்லத்தான் யாருமில்லை.

"பாருங்க, வீடு எவ்வளவு அமைதியா இருக்கு" என்று நிர்மலா புருஷனிடம் சந்தோஷப்பட்டாள். வைத்த காய் வைத்தபடி வாடிக் கிடப்பதை அவள் கவனிக்கவே மூன்று நாள் ஆகிவிட்டது. சிட்டுவைக் கையில் எடுத்தால் எலும்புதான் தட்டுப்பட்டது. அலறி அடித்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார்கள்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கியது. "தனியாவா இருக்கு?"

"கூட ஒண்ணு இருந்துச்சுங்க. எப்பப் பாரு துரத்தும், உறுமும். அதான் பிரிச்சு வச்சோம்" என்றாள் நிர்மலா.

"பல்லை நறநறன்னு கடிச்சுதா? கடிச்சு ரத்தம் ஏதாவது?"

"ரத்தமெல்லாம் இல்லீங்க. இடுப்பை ஆட்டி ஆட்டி உறுமும், அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்குங்க பிரிச்சீங்க? 'நான் பெரியவ, நீ என் கூட இரு'ன்னு சொல்ற பாஷை அது. பெரியவ முதல்ல தின்னா, சின்னது தைரியமா தின்னும். நீங்க சின்னதுக்கு முதல்ல வச்சா, சண்டை வராம என்ன செய்யும்?" ஊசி போட்டார். "ரொம்ப லேட்டாக் கொண்டு வந்திருக்கீங்க. சீக்கிரம் கொண்டுபோய் அதோட விடுங்க."

வழியெல்லாம் நிர்மலா சிட்டுவை மடியில் துணியோடு பொத்திக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பழைய கூண்டில், பொம்மிக்குப் பக்கத்தில் இறக்கி விட்டாள்.

பொம்மி எழுந்தாள். உறுமல் கிளம்பியது. இடுப்பை ஆட்டிக்கொண்டு நெருங்கினாள். பழக்க தோஷத்தில் நிர்மலாவின் கை தடுக்க நீண்டது. கதிரேசன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வந்துட்டியா, சனியனே!" என்றாள் பொம்மி. "அக்கட்டால போடி. இது என் இடம்."

சிட்டு கண்ணைத் திறந்தாள். எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, உடம்பை இழுத்து ஒரு விரற்கடை தள்ளிப் படுத்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. விட்ட இடத்தில் பொம்மி உட்கார்ந்தாள். வெள்ளரிக்காயை ஒரு வாய் கடித்துவிட்டு, மிச்சத்தை மூக்கால் அவள் பக்கம் தள்ளினாள்.

"ம், தின்னு."

சிட்டு வாயைத் திறந்தாள். கடிக்கத்தான் முடியவில்லை. தலை மெல்லப் பொம்மியின் மேல் சாய்ந்தது. மூச்சு அங்கேயே நின்றுபோனது.

பொம்மிக்கு அது புரிய வெகுநேரம் ஆயிற்று. அக்கட்டால போ, அக்கட்டால போ என்று முட்டிக்கொண்டே இருந்தாள். நகர யாருமில்லை.

"காப்பாத்தறேன்னு சொல்லி நானே கொன்னுட்டேனுங்க" என்று நிர்மலா கூண்டோரமாக உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கதவைச் சாத்துவதில்லை. ஆனால் அதன் வழியாகப் போய்வர எந்தச் சத்தமும் இல்லை. பொம்மி வாயே திறப்பதில்லை. ஒருநாள் கதவால் பொறுக்க முடியவில்லை.

"பொம்மி, தப்புப் பண்ணிட்டேன். நீ திட்டினதில் ஒண்ணே ஒண்ணை உள்ளே விட்டிருந்தாலும் அவள் பிழைச்சிருப்பாள். ஒரே ஒரு தடவை, அந்த மாதிரி வாய் நிறையத் திட்டேன். கேட்கணும்போல இருக்கு."

பொம்மி கூண்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள்.

"யாரை?" என்று கேட்டாள்.