வெளிமான் அளந்த தீ

காரைமேட்டில் ஒரு கௌதாரி ஆறு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் சூரைமேடு. அது வேறு நாடு. அந்தக் கோடையில் இரண்டு நாட்டுப் புதர்க்காடும் தீப்பிடித்து எரிந்தது. கௌதாரியின் புதர் மயிரிழையில் தப்பியது.

தீ அடங்கியதும் காரைமேட்டு ஓநாய் ராஜாவுக்கு ஒரே கவலை. "நம்மைவிட அவங்களுக்கு அதிகமா எரிஞ்சிருக்கணுமே!"

எரிந்த நிலத்தைக் காலடியால் அளந்துவர வெளிமானை அனுப்பினார். அது கருகிய காட்டைத் துள்ளித் துள்ளிக் கடந்து நொடியில் திரும்பியது. "முந்நூறே அடி, ராஜா!"

சூரைமேட்டில் அளந்தது ஒரு கட்டாமை. அங்கே ஒன்பதாயிரம் அடி!

"ஜெயிச்சுட்டோம்!" என்று ராஜா ஊளையிட்டார். மானின் தாவலும் ஆமையின் அடியும் ஒன்றா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வெற்றி போய்விடுமே! மாலை போடப் பூ ஏதும் மிஞ்சவில்லை. அதனால் வெளிமானின் நெற்றியில் சாம்பலையே திலகமாக இட்டார்கள்.

கௌதாரி பதறி ஓடி வந்தது. "ராஜா, என் கூட்டுக்குப் பக்கத்துல ஒரு வேலங்கட்டை இன்னும் புகையுது! காத்தடிச்சா என் முட்டையெல்லாம் போச்சு!"

"வாயை மூடு! தீ அணைஞ்சாச்சுன்னு அறிவிச்சாச்சு. இப்போ அணைக்கப் போனா, எரியுதுன்னு ஆயிடாதா? முந்நூறு முந்நூத்தி ஒண்ணாயிடும்!"

கௌதாரி ஓடையைத் தாண்டி ஆமையிடம் போனது. "அண்ணே, உங்க பக்கம் மட்டும் எப்படிப் புகையே இல்லை?"

"நான் அடியடியா நடந்தேன் தங்கச்சி. காலைச் சுட்டதையெல்லாம் மண்ணைத் தள்ளி மூடிட்டுத்தான் அடுத்த அடி வெச்சேன். கணக்கு பெருசாத்தான் வந்துச்சு. வந்தா வரட்டுமே!"

கௌதாரி திரும்பி ஓடியது. தன் துணையோடு சேர்ந்து மண்ணைக் கிளறிக் கிளறி வேலங்கட்டையின் மேல் தள்ளியது. கால்கள் கொப்பளித்தன. ஆனாலும் புகை நின்ற பிறகுதான் இரண்டும் ஓய்ந்தன.

மதியம் காற்று எழுந்தது. வெளிமான் தாண்டிக் குதித்த கட்டைகள் எல்லாம் மறுபடி பற்றிக்கொண்டன. காரைமேட்டில் மிச்சமிருந்த பச்சையும் போயிற்று. கௌதாரியின் புதரைச் சுற்றி ஏற்கெனவே கருகிய தரைதான்; பக்கத்திலிருந்த வேலங்கட்டையும் அணைந்திருந்தது. அதனால் தீ அங்கே வரவில்லை.

வால் கருகிய ராஜாவும் வெளிமானும் அந்த ஒற்றைப் புதரின் நிழலில் வந்து விழுந்தார்கள். ராஜா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "நமக்கு ஒரு புதர் மிச்சம். அவங்களுக்கு எத்தனை?"

"எனக்கு எண்ண நேரமில்லை, ராஜா!" என்றது கௌதாரி. "முட்டையை மிதிச்சுடாம தள்ளி உக்காருங்க!"

அடுத்த வீட்டுத் தீயை அளந்து ஆறுதல் தேடுபவன், தன் வீட்டுக் கனலை அணைக்க மறந்துபோவான்.